நாரி நோவும் கை வைத்தியமும்: ஒஸ்டியோபதிக்குப் போக நினைக்கும் வன்னி மக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வன்னியில் நாரி நோ என்று ஒருவராவது சொல்லாத வீடு குறைவு. காலபோகத்தில் வயலுக்குள் குனிந்து களை பிடுங்குகிறோம். கச்சான் பிடுங்குகிறோம், மிளகாய்க்குத் தண்ணீர் மாறுகிறோம், லாண்ட்மாஸ்டரின் கைப்பிடியைப் பிடித்தபடி மணிக்கணக்காகக் குலுங்குகிறோம். முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் தள்ளுகிறவர்களுக்கும் கரைவலை இழுக்கிறவர்களுக்கும் தோளும் நாரியும்தான் முதலில் களைத்துப் போகும். இவற்றுக்கு மேலே போர் விட்டுச் சென்ற பழைய முறிவுகள், உடம்புக்குள் தங்கிவிட்ட செல் பீஸ்கள், பொருத்திய கால்கள்.

நோ வந்தால் ஒருவர் எண்ணெய் போட்டு உருவச் சொல்வார், இன்னொருவர் புக்கை கட்டச் சொல்வார். இப்போது வெளிநாட்டில் இருந்தும் ஆலோசனை வருகிறது. லண்டனில் இருக்கும் அக்காவின் மகள் போன் எடுத்து, "சித்தி, இஞ்ச ஒஸ்டியோபதி எண்டு ஒண்டு இருக்கு, நான் நாலு தரம் போனனான், இப்ப நல்ல சுகம்" என்பாள். பிள்ளைகளிடம் போய் நிற்கும் அம்மா, அப்பாமாரையும் அங்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஊரிலும் கைகளால் நோ மாற்றுவதாகச் சொல்லும் பலகைகள் தொங்குகின்றன.

அதனால், தசையையும் மூட்டையும் கையால் அசைத்து, தளர்த்தி நோவைக் குறைக்கப் பார்க்கும் இந்த ஒஸ்டியோபதி என்ன செய்யும், என்ன செய்யாது, முதல் தரம் போகிறவருக்கு என்ன நடக்கும் என்பதை ஒழுங்காக எழுத நினைத்தேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்தக் கை வைத்தியரிடம் போனாலும், அவர் உங்களைத் தொடுவதற்கு முன்னால் நடக்கும் பேச்சுத்தான் சிகிச்சையின் பாதி. அந்தப் பேச்சுக்கு ஆயத்தமாகப் போகிறவருக்கே பலன் அதிகம், ஆபத்தும் குறைவு.

ஒஸ்டியோபதி எங்கிருந்து வந்தது

அமெரிக்காவில் ஆன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் தொடக்கிய முறை இது. 1864இல் மூளை உறைக் காய்ச்சலால் தன் பிள்ளைகள் மூவரை இழந்தவர் அவர். அந்தக் காலத்து மருந்துகள் மேல் நம்பிக்கை போய், எலும்பும் தசையும் மூட்டும் சரியாக இயங்கினால் உடம்பு தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் என்று 1874இல் அறிவித்தார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் ஊரில் முதல் கல்லூரியைத் திறந்தார்.

எல்லா நோயும் முள்ளந்தண்டில் இருந்து வருகிறது என்ற பழைய எண்ணத்தை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆனால் விறைத்த தசையைத் தளர்த்துவது, அசையாத மூட்டை அசைய வைப்பது, நோயாளியைப் பயமில்லாமல் நடமாட வைப்பது ஆகியவற்றுக்கு மதிப்பு இருக்கிறது. இன்று நல்ல ஒஸ்டியோபதி என்று சொல்லக்கூடியது இந்தப் பகுதிதான்.

முதல் படி: இந்த நோவைக் கையால் தொடலாமா?

இந்தப் படியைத் தாண்டாமல் யாரிடமும் போகவேண்டாம். உருவுகிறவரிடமும் வேண்டாம், புக்கை கட்டுகிறவரிடமும் வேண்டாம்.

நாரி நோவோடு இரண்டு கால்களும் பலமிழப்பது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் அடக்க முடியாமை, சைக்கிள் சீற்றில் படும் இடம் முழுவதும் மரத்துப் போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. முள்ளந்தண்டின் அடியில் நரம்புக் கட்டு நசுங்குகிறது என்பதற்கான அடையாளம் அது. அன்றைக்கே பார்க்க வேண்டும், விடியட்டும் என்று இருந்தால் அந்த நரம்புகள் திரும்பாமலே போகலாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

அடுத்தது காய்ச்சல். இது எங்கள் பக்கம் மிக முக்கியம். வயலுக்குள் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலும், கெண்டைக்காலிலும் நாரியிலும் தாங்க முடியாத நோவும், கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு நாலு நாள் வீட்டில் இருந்தால் சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம். டெங்குவும் நாரியை முறிப்பது போலத்தான் தொடங்கும். டெங்கு இருக்கலாம் என்றால் பரசிட்டமோல் தவிர வேறு நோக் குளிசை எதுவும் தொடக்கூடாது, இரத்தக்கசிவு வரும். காய்ச்சலோடு உள்ள நோவுக்கு இரத்தப் பரிசோதனைதான் முதல். கை வைத்தியம் அதற்குப் பிறகு.

வாரக்கணக்கில் மெல்லக் கூடிவரும் முதுகு நோவு, இரவில் படுத்தாலும் குறையாத நோவு, காரணமில்லாமல் உடம்பு மெலிதல், மாலையில் காய்ச்சல், விடாத இருமல் என்றால் சயரோகம் முள்ளந்தண்டைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகு நோவு வந்தாலும் முதலில் படம் எடுக்க வேண்டும்.

விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும், புரள வைக்கும் நோவு சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்த்து, இடது தோளுக்கோ தாடைக்கோ போகும் நோவு மாரடைப்பாக இருக்கலாம். இரண்டும் தோள்பிடிப்பு, நாரிப்பிடிப்பு என்று தவறாக எண்ணப்படுகிறவை.

விழுந்தவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிளில் இருந்தோ மரத்தில் இருந்தோ விழுந்தவருக்கு எக்ஸ்றே எடுக்கும் வரை யாரும் இழுக்கவோ முறுக்கவோ கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்ந்திருக்கலாம். தண்ணீர்க் குடம் தூக்கியதோடு முதுகில் திடீரென்று ஒரு குத்து வந்து நிமிர முடியாமல் போனால், விழாமலே முள்ளந்தண்டு எலும்பு நசிந்திருக்கக்கூடும்.

இவை எதுவும் இல்லை, நோ நாரியோடும் தொடையோடும் நிற்கிறது, வேலை செய்தால் கூடுகிறது, ஓய்ந்தால் குறைகிறது என்றால், சரி, அடுத்த படிக்குப் போகலாம். பெரும்பாலான நாரிப்பிடிப்பு இந்த வகைதான், அதில் கூடுதலானவை ஆறு வாரத்துக்குள் தாமாகவே நன்றாகக் குறைந்துவிடும்.

இரண்டாம் படி: எதற்கு உதவும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆதாரம் ஓரளவு நன்றாக இருப்பது நாரி நோவுக்கு மட்டும்தான். பிரித்தானியாவின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2016இல் இதுபற்றித் தெளிவாகச் சொன்னது: கைகளால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்கலாம், தனியாக அல்ல. யாராவது கட்டிலில் படுக்க வைத்து அமுக்கிவிட்டு, வீட்டில் செய்வதற்கு எதுவும் சொல்லாமல் அனுப்பினால், அவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

கழுத்து நோ, தோள் நோ, முழங்கால் நோ, இடுப்பு அல்லது முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின்னான தேறல் ஆகியவற்றுக்குச் சிலருக்கு உதவுகிறது, ஆனால் ஆதாரம் குறைவு. கர்ப்ப காலத்து நாரி உழைவுக்கும் மென்மையான முறைகளைச் செய்வார்கள். கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தால்கூட முதலே சொல்ல வேண்டும்.

ஒற்றைத் தலையிடி, மாதவிடாய் நோ, வயிற்றுக் கோளாறு, மனச்சோர்வு, கைக்குழந்தையின் ஓயாத அழுகை ஆகியவற்றை ஒஸ்டியோபதி மாற்றும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. குழந்தையின் தலையோட்டை மெல்லப் பிடித்து எல்லாவற்றையும் சரிப்படுத்துவதாகச் சொல்லும் ஒரு கிளையும் இதில் உண்டு. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீரிழிவு, பிரஷர், சிறுநீரக நோய் எதையும் இது மாற்றாது. இதற்குப் போகிறேன் என்று கிளினிக் குளிசையை நிறுத்தக்கூடாது.

டிஸ்க், அதாவது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை, பற்றிய பயத்தையும் இங்கேயே பேச வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்து "டிஸ்க் வெளியே தள்ளியிருக்கு" என்று எழுதியிருந்தால், இனி மண்வெட்டி பிடிக்கவே முடியாது என்று பலர் மனம் உடைந்து போகிறார்கள். 2015இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, எந்த நோவும் இல்லாத ஆட்களின் படங்களைப் பார்த்தது. 20 வயதுக்காரரில் ஏறத்தாழ 30 வீதமானவர்களுக்கும், 80 வயதுக்காரரில் 84 வீதமானவர்களுக்கும் டிஸ்க் புடைத்திருந்தது. தலை நரைப்பது போலப் படத்தில் தெரியும் பல மாற்றங்கள் வயதோடு வருகிறவைதான். படம் சொல்வதையும் உங்கள் கால் சொல்வதையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: யாரிடம் போவது

ஒஸ்டியோபத் என்ற பெயருக்கு நாட்டுக்கு நாடு மதிப்பு வேறு. அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்றவர் மருந்து எழுதவும் சத்திரசிகிச்சை செய்யவும் உரிமை உள்ள முழு மருத்துவர். பிரித்தானியாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொது ஒஸ்டியோபதி கவுன்சிலில் பதிந்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட முடியும். பெயரை அவர்களின் இணையப் பதிவேட்டில் யாரும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். அவுஸ்திரேலியாவில் 2010 முதல் தேசியப் பதிவு இருக்கிறது. பிரான்சில் 2002இல் சட்டம் அந்தப் பெயரை ஏற்றது. அங்கே அரச காப்புறுதி இதற்குக் காசு தராது, மேலதிகக் காப்புறுதி எடுத்திருந்தால் ஒரு பகுதி கிடைக்கலாம். கனடாவின் ஒன்ராறியோவில் மருத்துவர் அல்லாதவர் கையால் செய்யும் ஒஸ்டியோபதிக்கு அரசின் ஒழுங்குமுறை இல்லை, ஆகவே அங்கே இன்னும் கவனமாக விசாரிக்க வேண்டும். பிள்ளைகளிடம் போகும்போது இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊரில் ஒருவர் ஒஸ்டியோபதி செய்வதாகச் சொன்னால், பலகையில் அந்தச் சொல் இருப்பது மட்டும் போதாது. எங்கே படித்தீர்கள், எவ்வளவு காலம் படித்தீர்கள் என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஓர் அளவுகோல் வைத்தது: மருத்துவப் பின்னணி இல்லாத ஒருவர் ஒஸ்டியோபத் ஆவதற்கு 4,200 மணித்தியாலப் படிப்பு வேண்டும், அதில் குறைந்தது 1,000 மணித்தியாலம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். வார இறுதிப் பயிற்சி ஒன்று முடித்தவரிடம் உங்கள் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

எங்களுக்குக் கிட்டவாக, நம்பகமாக, காசில்லாமல் கிடைப்பது அரச ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவம் (பிசியோதெரபி). கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, இயன்மருத்துவருக்கு அனுப்பும்படி கேட்கலாம். ஒஸ்டியோபத் செய்வதில் நிரூபணம் உள்ள பகுதியை, அதாவது மூட்டு அசைப்பது, தசை தளர்த்துவது, பயிற்சி பழக்குவது ஆகியவற்றை, இயன்மருத்துவர்களும் செய்கிறார்கள். அவர்களுக்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு உண்டு. துணுக்காயில் இருந்தோ நெடுங்கேணியில் இருந்தோ பஸ் ஏறி வருவது ஒரு பகல் வேலைதான், வரிசையும் நீளம்தான். அதற்காக அந்த வழியைக் கைவிட வேண்டாம். தூரத்தைச் சொல்லி, வீட்டில் செய்யும் பயிற்சிகளைக் கூடுதலாகக் காட்டித் தரும்படி கேளுங்கள்.

முறிவு நெறிவு வைத்தியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பாதை இல்லாத காலத்தில் எங்களைத் தாங்கிய கைகள் அவை. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பாரம்பரிய வைத்தியர்களுக்கும் பதிவு இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் படித்த பட்டதாரிகளும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கட்டுப் போட முன்னர் எக்ஸ்றே. கட்டுப் போட்ட பிறகு விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, நோ கூடிக்கொண்டே போனாலோ, அது இரவு பன்னிரண்டு மணி என்றாலும் கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளைகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: போவதற்கு முதல் நாள் செய்ய வேண்டியது

கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்றே, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டித் தந்த அட்டை, இப்போது குடிக்கும் எல்லாக் குளிசைகளின் பெட்டிகள்: அத்தனையையும் ஒரு பையில் போடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற குளிசை எடுப்பவருக்கு முறுக்கி நெட்டி எடுக்கும் முறை செய்யக்கூடாது. நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவருக்கு எலும்பு பலவீனமாக இருக்கும். மூட்டுவாதம் (ருமட்டாய்ட்) உள்ளவருக்குக் கழுத்தில் முறுக்கல் அறவே கூடாது.

பார்மசியில் வாங்கிக் குடித்த நோக் குளிசையையும் மறைக்காமல் சொல்லுங்கள். டைக்ளோபெனாக் போன்றவற்றை மாதக்கணக்கில் குடித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும், வயிற்றில் புண் வரும். வவுனியா உட்பட உலர் வலயத்தின் பல இடங்களில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் அதன் மேல் இன்னொரு சுமையை ஏற்றக்கூடாது.

அடுத்து, உடம்புக்குள் இருக்கும் செல் பீஸ். இதைப் பற்றி வெளிநாட்டு வைத்தியர் கேட்கமாட்டார், அவருக்குத் தோன்றாது. அதனால் நீங்களே முதல் வசனமாகச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில், எந்த ஆண்டில், எடுக்காமல் விட்டதற்கு ஆஸ்பத்திரியில் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முள்ளந்தண்டுக்குக் கிட்ட இரும்புத் துண்டு இருக்கும் இடத்தில் அமுக்குவதோ முறுக்குவதோ கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் மிகப் பெரிய காந்தம், இரும்பு அசையலாம், சூடாகலாம். கண்ணிலோ முள்ளந்தண்டு வடத்துக்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ கிட்ட இருந்தால் ஆபத்து. முதலில் எக்ஸ்றே எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அவர்கள் முடிவு செய்வார்கள். எலும்புக்குள் வைத்த பிளேட், கம்பி, ஆணி எல்லாவற்றையும் இதே போலச் சொல்லுங்கள்.

காயம் பட்ட கதையைச் சொல்வது சிலருக்கு நெஞ்சை அடைக்கும். முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. இடமும் ஆண்டும் சிகிச்சையும் போதும். சொல்ல விருப்பமில்லாததை யாரும் கிண்டக்கூடாது.

பொருத்திய காலோடு நடப்பவருக்கு நாரி நோ வந்தால், முதலில் காலின் உயரத்தையும் குவளையின் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்து நடந்தால் முதுகை எத்தனை தரம் அமுக்கினாலும் நோ திரும்பி வரும். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் காலைச் சரி செய்துகொண்டு அப்புறம் முதுகுக்குப் போங்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு உணர்ச்சி இல்லாத உடம்போடு வாழ்பவர்களுக்கு முறுக்கல் சிகிச்சை பொருந்தாது. அப்படிப்பட்டவர்களுக்காக மாங்குளத்தில் இருக்கும் உயிரிழை அமைப்பில் இதே அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அங்கே பேசலாம்.

உடுப்பு தளர்வாக இருக்கட்டும். பெண்கள் சட்டைக்கு உள்ளே மெல்லிய பெனியன் போட்டுப் போனால் முதுகைப் பார்க்க வசதி. வெளிநாட்டில் உள்ளாடையோடு நிற்கச் சொல்வது வழக்கம், ஆனால் விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், துவாய் கேட்கலாம், பெண் வைத்தியர் வேண்டும் என்று முன்பே சொல்லலாம், சகோதரியையோ மகளையோ அறைக்குள் வைத்திருக்கலாம். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் இடத்துக்குப் போகத் தேவையில்லை. மொழி தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். சிறுநீர் போவது பற்றியெல்லாம் கேட்பார்கள், பிள்ளைக்கு முன்னால் நீங்கள் உண்மையைச் சொல்லமாட்டீர்கள்.

ஐந்தாம் படி: முதல் நாள் அறைக்குள்

முதல் சந்திப்பு முக்கால் மணியில் இருந்து ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். அதில் நல்ல பங்கு கேள்விதான். பேச்சு இப்படி இருக்கும்:

"அம்மா, எப்ப தொடங்கினது?"

"அருவி வெட்டு முடிஞ்ச கையோட தம்பி."

"இரவில நித்திரை வருதோ?"

"வருது. விடியத்தான் நாரியைப் பிடிச்சுக்கொண்டு எழும்புறன். கொஞ்சம் நடந்தாச் சரி."

"காலுக்குள்ள இறங்குதோ? விரல் விறைக்குதோ?"

"இடது தொடை மட்டும். முழங்காலுக்குக் கீழ இல்லை."

"சலம் போறதில ஏதும் வித்தியாசம்?"

"இல்லைத் தம்பி."

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. நடந்தால் இளகும் நோ தசையும் மூட்டும் சார்ந்தது. முழங்காலுக்குக் கீழே இறங்கி விரலில் விறைப்பு என்றால் நரம்பு அழுத்தப்படுகிறது. சிறுநீர்க் கேள்வி, முதல் படியில் சொன்ன அவசர நிலையைப் பிடிப்பதற்கு. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் நேரே கட்டிலில் ஏறச் சொல்பவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு நிற்க, குனிய, நிமிர, பக்கம் சரியச் சொல்வார். குதிக்காலில் நடக்கவும் பெருவிரல் நுனியில் நடக்கவும் சொல்வார். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை நேராக உயர்த்திப் பார்ப்பார், அப்போது காலுக்குள் மின்னினால் உடனே சொல்லுங்கள். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டுவார். பிரஷர் பார்க்கலாம். எக்ஸ்றேயோ எம்.ஆர்.ஐ.யோ எல்லோருக்கும் தேவைப்படாது.

அதற்குப் பிறகு, தான் என்ன நினைக்கிறார், என்ன செய்யப் போகிறார், அதில் என்ன ஆபத்து என்று சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள். வைத்தியருக்கு முன்னால் தலையாட்டிப் பழகியவர்கள் நாங்கள். இங்கே தலையாட்டக்கூடாது.

கையால் செய்பவை பல வகை. தசையைப் பிசைந்து நீட்டுவது ஒன்று. மூட்டைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசைப்பது இன்னொன்று. வேறொரு முறையில், நீங்கள் அவருடைய கைக்கு எதிராகச் சில செக்கன் மெதுவாகத் தள்ளுவீர்கள், பிறகு தளர்த்துவீர்கள், அந்தத் தளர்வில் அவர் மூட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்துவார். இது நல்ல மென்மையான முறை, வயதானவர்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக, சட்டென்று குறுகிய வேகத்தில் தள்ளி நெட்டி எடுப்பது. அப்போது வரும் சத்தம் மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. விலகிய எலும்பு இடத்தில் ஏறிய சத்தம் அல்ல. சத்தம் வந்தால்தான் சுகம் என்பதும் இல்லை, வராவிட்டால் சிகிச்சை தோற்றது என்பதும் இல்லை. "எலும்பு விலகியிருக்கு, மாதம் மாதம் வந்து ஏற்ற வேணும்" என்பவரை நம்ப வேண்டாம்.

கழுத்தை முறுக்கி நெட்டி எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். மிக அரிதாக, கழுத்தின் வழியே மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வருகிறது. அரிது என்றாலும் விலை பெரிது, அதே நோவுக்கு மென்மையான வழிகள் இருக்கின்றன. "கழுத்தில நெட்டி எடுக்க வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சலூனில் தலைமயிர் வெட்டிய பிறகு கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கும் பழக்கத்துக்கும் இதே பதில்தான். எந்த முறையானாலும், நடுவில் நோ தாங்காவிட்டால் "நிறுத்துங்கோ" என்றால் நிறுத்த வேண்டும்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

ஏறத்தாழ பாதிப் பேருக்கு அன்றைக்கோ அடுத்த நாளோ உடம்பு உழைவு, அசதி, லேசான தலையிடி வரும். ஓரிரு நாளில் போய்விடும். சுடுதண்ணீர்ப் பை வைக்கலாம். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் சூட்டைக் கையால் சோதித்துப் பார்க்காமல் வைத்தால் தோல் வெந்துவிடும், இது புக்கைக்கும் பொருந்தும். தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, புதிதாகக் கை கால் பலமின்மை வந்தால் வைத்தியருக்குப் போன் பண்ணிக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.

பாயில் படுத்தே கிடப்பது நாரி நோவைக் கூட்டும். ஓரிரு நாளுக்கு மேல் படுக்க வேண்டாம். முதலில் வளவைச் சுற்றி நடங்கள், பிறகு ஒழுங்கை முனை வரை, பிறகு கடை வரை. அதோடு மூன்று பயிற்சி. மல்லாக்கப் படுத்து இரண்டு முழங்காலையும் மடித்து, ஒவ்வொன்றாக நெஞ்சுக்குக் கொண்டுவருவது. அதே நிலையில் இடுப்பை மெல்ல உயர்த்தி மூச்சு விட்டு இறக்குவது. நாலு காலில் நின்று முதுகை வளைத்து நிமிர்த்துவது. காலையும் மாலையும் பத்துப் பத்துத் தரம் போதும். செய்யும்போது கொஞ்சம் நோகலாம், அதனால் ஒன்றும் கிழிந்துவிடாது. காலுக்குள் மின்னல் கூடினால் மட்டும் அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு அடுத்த தரம் கேளுங்கள்.

வேலையை விடச் சொன்னால் எங்களால் முடியாது, பெண்கள் தனியே நடத்தும் வீடுகளில் சுத்தமாக முடியாது. அதனால் வேலையைப் பிரியுங்கள். ஒரு பெரிய கானுக்குப் பதிலாக இரண்டு கைக்கும் இரண்டு சின்னக் கான். களை பிடுங்கும்போது அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நிமிர்ந்து பின்பக்கம் சரிவது. மண்வெட்டிப் பிடியை உங்கள் உயரத்துக்கு மாற்றுவது. நெல் மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவது, தூக்கியபடி இடுப்பை முறுக்காமல் காலை நகர்த்தித் திரும்புவது. ஒரு மூட்டைக்கு இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது.

எத்தனை தரம் போவது, எப்போது நிறுத்துவது

இரண்டாம் தரத்தில் இருந்து சந்திப்பு பொதுவாக அரை மணித்தியாலம். மூன்று, நான்கு தரத்துக்குள் ஏதாவது ஒரு மாற்றம் தெரிய வேண்டும்: நித்திரை கூடியது, குனிந்து செருப்பு மாட்ட முடிந்தது, வயலில் இன்னும் ஒரு வரம்பு கூட நடக்க முடிந்தது. நோ எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், முடியாமல் இருந்த எந்த வேலை இப்போது முடிகிறது என்று பாருங்கள். முதல் நாளே அப்படி ஒரு வேலையைத் தெரிந்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி.

நான்கு தரம் போயும் ஒன்றும் மாறவில்லை என்றால், நல்ல வைத்தியர் தானாகவே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தருவார். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். பத்துத் தரத்துக்கு முற்காசு கட்டச் சொல்லும் இடத்தில் கட்ட வேண்டாம், ஒவ்வொரு தரமும் அந்தந்த நாளுக்குரியதைக் கொடுங்கள். கடிதத்தில் என்ன செய்தார், எந்த இடத்தில் செய்தார், உடம்பு எப்படி எடுத்துக்கொண்டது என்று எழுதியிருக்கட்டும். அதைக் கிளினிக் கொப்பியோடு ஒட்டி வைத்தால், கிளிநொச்சியில் உங்களைப் பார்க்கும் டொக்டர் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை.